மர ராக்கிங் சேரா, கிளைடரா, ரிக்ளைனரா?

வீட்டுக்கு ஒரு ஆடுற சேர் வாங்கலாம்னு தேட ஆரம்பிச்சா நாலு வகை முன்னாடி வந்து நிக்கும். அடியில ரெண்டு வளைஞ்ச கட்டை வச்ச பழைய மர ராக்கர், அசையாத ஸ்டாண்டு மேல ஸ்பிரிங்ல ஆடுற பிளாட்ஃபார்ம் ராக்கர், முன்னும் பின்னும் வழுக்கிட்டுப் போற கிளைடர், அப்புறம் காலை நீட்டி சாய வைக்கிற ரிக்ளைனர். போட்டோவுல எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி தெரியும், உக்காந்து பார்த்தாதான் நாலும் வேற வேற வேலைக்குன்னு புரியும். என் ஓட்டு எதுக்குன்னு இப்பவே சொல்லிடுறேன்: முழிச்சிட்டு உக்காந்து படிக்க, பேச, சும்மா யோசிக்க மர ராக்கர்தான், கைக்குழந்தை இருக்குற வீடுன்னா கிளைடர், மத்த ரெண்டும் அதுக்கு அப்புறம்தான்.

மர ராக்கர்ல இருந்தே தொடங்குவோம், ஏன்னா மத்ததெல்லாம் இதுல இருக்குற குறைய சரி பண்றேன்னு வந்ததுதான். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கண்டுபிடிச்சார்னு ஒரு கதை இன்னும் சுத்திட்டு இருக்கு, நம்பாதீங்க. தொட்டிலுக்கும் ஆடுற குதிரை பொம்மைக்கும் வளைஞ்ச கட்டை அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சு, 18ஆம் நூற்றாண்டுல வட அமெரிக்காவுல அதையே பெரியவங்க உக்கார்ற சேர் கால்ல மாட்டுனாங்க, அவ்வளவுதான். நிறைய பேர் புதுசா கூட செய்யல, வீட்ல கிடந்த நாலு கால் சேரோட காலைக் கொஞ்சம் அறுத்துட்டு கீழ கட்டைய சேர்த்துக்கிட்டாங்க. இந்த மாதிரி ஒரு ஐடியாவுக்கு கண்டுபிடிச்சவர்னு ஒரே ஒருத்தர் பேரை எழுதுறது கஷ்டம்.

இதை ஒழுங்கான தொழிலா மாத்துனவங்கள்ல ஷேக்கர்ஸ்ங்குற மதக் குழுவுக்கு பெரிய இடம் உண்டு. வயசானவங்களுக்கும் உடம்பு முடியாதவங்களுக்கும்னு செய்ய ஆரம்பிச்சவங்க, 19ஆம் நூற்றாண்டு பின்பாதியில நியூயார்க் மாநிலத்து மவுண்ட் லெபனான்ல பெரிய அளவுல செஞ்சு வெளியில வித்தாங்க. 0ல இருந்து 7 வரைக்கும் சைஸ் நம்பர், 0 குழந்தைக்கு, 7 நல்ல ஆஜானுபாகுவான ஆளுக்கு. துணி நாடாவ குறுக்கும் நெடுக்குமா பின்னி சீட் போட்டிருப்பாங்க, அலங்காரம்னு ஒண்ணுமே இருக்காது, கையில தூக்குனா இவ்வளவு லேசான்னு தோணும்.

அதுக்கு நேர் எதிர் பக்கம் வியன்னாவுல மிகேல் தோனெட். பீச் மரத்தை ஆவியில வேகவச்சு, சூடு ஆறுறதுக்குள்ள இரும்பு அச்சுல வளைச்சு, அப்படியே காயவிட்டு எடுக்குற முறைய தொழிற்சாலை அளவுக்குக் கொண்டு போனவர். இவங்க முதல் ராக்கிங் சேர் 1860ல வந்துச்சு. கைப்பிடி, கால், அடிக்கட்டை எல்லாம் சுருண்டு சுருண்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடும், நடுவுல பிரம்புப் பின்னல். பார்க்க இதை அடிச்சுக்க ஆள் இல்ல, ஆனா ரொம்ப நேரம் உக்காரணும்னா நான் ஷேக்கர் பக்கம்தான் போவேன், தோனெட்ல சாஞ்சே இருக்கணும், நிமிர்ந்து உக்காந்து ஒரு கப் காபி குடிக்கிறது கூட சங்கடம்.

இப்ப முக்கியமான விஷயம், அந்த அடிக்கட்டை. அது ஒரு பெரிய வட்டத்தோட சின்னத் துண்டு, அந்த வட்டத்தோட மையம் உங்க உடம்பும் சேரும் சேர்ந்த எடையோட மையத்துக்கு மேல இருக்குற வரைக்கும் சேர் சாஞ்சாலும், கட்டையோட நுனியைத் தாண்டிடாம இருந்தா, தானா திரும்பி வரும். கட்டை ரொம்ப வளைஞ்சிருந்தா அந்த வட்டம் சின்னது, மையம் கீழ இறங்கிடும், ஆட்டம் மெதுவா நீளமா சுகமா இருக்கும் ஆனா மல்லாக்கத் தள்ளிடுமோன்னு வயித்துல ஒரு பயம். கட்டை தட்டையா இருந்தா பயமில்ல, ஆனா வெடுக் வெடுக்குன்னு குட்டியா ஆடும், பத்து நிமிஷத்துல எரிச்சல் வந்துடும். நல்ல தச்சர் இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடத்தைப் பிடிப்பார், கட்டையோட பின் வால நல்லா நீட்டி விடுவார், கலிஃபோர்னியாவுல இருந்த சாம் மலூஃப் செஞ்ச சேர்களைப் பார்த்தீங்கன்னா அந்த வால் எவ்வளவு தூரம் பின்னாடி போகுதுன்னு தெரியும்.

கடையில டெஸ்ட் பண்ண ஒரே ஒரு வழி போதும். உக்காந்து ரெண்டு காலையும் தரையில இருந்து தூக்கிடுங்க, சேர் எந்தச் சாய்வுல போய் நிக்குதுன்னு பாருங்க. அந்தச் சாய்வுல உங்களால புத்தகம் படிக்க முடியும்னா சேர் உங்களுக்கானது, சீலிங்கப் பார்த்துட்டு இருந்தீங்கன்னா வச்சிட்டு வந்துடுங்க. அப்புறம் கொஞ்ச நேரம் ஆடிட்டு எழுந்து பாருங்க, சேர் இருந்த இடத்துல இருந்து ஒரு பக்கமா நகர்ந்து போயிருந்தா தரை மட்டமா இல்ல, இல்லன்னா ரெண்டு கட்டையும் ஒரே அளவுல வளையல.

அமெரிக்க அதிபரா இருந்த கென்னடி கதை எல்லாருக்கும் தெரியும், முதுகு வலிக்கு ஜேனட் ட்ராவல்ங்குற டாக்டர் சொன்னதால ராக்கிங் சேர்ல உக்கார ஆரம்பிச்சவர், அதை வெள்ளை மாளிகைக்கே கொண்டு போனார். டாக்டர் சொன்ன காரணம் எளிமையானது: ஆடும்போது தசை ஒரே நிலையில இறுகிக் கிடக்காம மாறி மாறி இறுகித் தளருது. அதுக்காக முதுகு வலிக்கு இதுதான் மருந்துன்னு நினைச்சு வாங்காதீங்க, வலி இருந்தா டாக்டரைப் பாருங்க. ஆனா அசையாம உக்கார்றதை விட அசைஞ்சு உக்கார்றது நல்லா இருக்குங்குறது உக்காந்தவங்களுக்குத் தெரியும்.

கிளைடருக்கு வருவோம். ஸ்டாண்டு அசையாது, சீட் மட்டும் நாலு கம்பியில தொங்கிட்டு கிட்டத்தட்ட நேர்கோட்டுல போயிட்டு வரும். கொஞ்சூண்டு தள்ளுனா போதும், ராத்திரி ரெண்டு மணிக்கு பால் கொடுக்குறவங்களுக்கு அந்த ஒரு விஷயத்துக்கே கோயில் கட்டலாம். மர ராக்கர்ல தவழ்ற குழந்தையோட விரல், பூனையோட வால் எல்லாம் கட்டைக்கு அடியில மாட்டுற ஆபத்து நிஜமாவே உண்டு, கிளைடர்ல தரையோரம் அது இல்ல, ஆனா கம்பி ஓடுற இடத்துல விரல் விட்டா நசுங்கும், மூடி வச்ச மாடலா பாருங்க. எந்தச் சேரா இருந்தாலும் குழந்தையைக் கையில வச்சிட்டு நீங்க தூங்கிடக் கூடாது, கண்ணு சொருகுனா குழந்தையத் தொட்டில்ல போட்டுடுங்க. குறைன்னா, பேரிங் தேஞ்சா கிரீச்னு கத்த ஆரம்பிக்கும், அதை ரிப்பேர் பண்ண அதே அளவு பார்ட்ஸ் கிடைக்கணும்.

பிளாட்ஃபார்ம் ராக்கரைப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. கட்டை தரையையும் கார்ப்பெட்டையும் தேய்க்குதுன்னு 19ஆம் நூற்றாண்டுல வந்த தீர்வு, இடம் கம்மியா எடுக்கும், ஆனா ஆட்டத்துல உயிர் இருக்காது, ஸ்பிரிங் உங்களைத் திருப்பித் தள்ளிட்டே இருக்கும்.

ரிக்ளைனரை இந்தப் போட்டியில சேர்க்குறதே தப்புன்னு நினைக்கிறேன். லேசி பாய் கம்பெனி ஆளுங்க 1928ல மரச்சட்டத்துல சாயுற சேர் செஞ்சாங்க, 1961ல ஆட்டத்தையும் சாய்வையும் ஒண்ணா சேர்த்து ஒரு மாடல் கொண்டு வந்தாங்க, செம ஹிட். ஆனா பெரும்பாலும் அதுல ஆடுறவங்களை விட காலை நீட்டிட்டு தூங்குறவங்கதான் அதிகம். தூங்கணும்னா தாராளமா வாங்குங்க. ஜெனீவா பல்கலைக்கழகத்துல 2019ல ஒரு ஆய்வு வந்துச்சு, நாலு செகண்டுக்கு ஒருதரம் மெதுவா ஆடுற கட்டில்ல படுத்தவங்க சீக்கிரம் தூங்குனாங்க, ஆழமாவும் தூங்குனாங்கன்னு. ஆனா அந்தக் கட்டிலை மோட்டார் ஆட்டுச்சு. மர ராக்கர்ல மோட்டார் உங்க கால்தான், கண் அசந்தா கால் நிக்கும், சேரும் நின்னுடும், அதனாலதான் அது தூங்குறதுக்கு இல்ல, முழிச்சிருக்குறதுக்கான சேர்னு சொல்றேன்.

பழைய மர ராக்கர் செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா விடாதீங்க, ஆனா வாங்குறதுக்கு முன்னாடி தலைகீழா கவுத்துப் போட்டு, கால் கட்டையில சேர்ற நாலு இடத்தையும் கையால ஆட்டிப் பாருங்க. பசை காஞ்சு லூஸ் ஆகியிருந்தா பரவாயில்ல, பிரிச்சு பழைய பசையச் சுரண்டிட்டு திரும்ப ஒட்டலாம். யாராவது அவசரத்துல அங்க ஆணி அடிச்சிருந்தாங்கன்னா யோசிங்க, மரம் சுருங்கி விரியும், ஆணி விரியாது, அந்த இடத்துலதான் கட்டை பிளக்கும்.