28 மி.மீ. பிரெஞ்சு காலாட்படை அதிகாரிகள்: உருவங்கள் அருமை, வண்ணத்தாள் வீண்

நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சு வரிசைக் காலாட்படையின் (அணிவகுத்து நின்று போரிட்ட வழக்கமான காலாட்படை) அதிகாரிகள் ஆறு பேர் அடங்கிய உலோக உருவப் பெட்டி ஒன்றை வாங்கி, ஆறையும் தீட்டி முடித்திருக்கிறேன். 1808 முதல் 1812 வரையிலான சீருடை என்று பெட்டியில் குறித்திருக்கிறார்கள். வார்ப்பு மிகச் சுத்தமாக இருக்கிறது. அரத்தால் தேய்க்க வேண்டிய பிசிறு அநேகமாக இல்லை, முகங்களும் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. ஆனால் கூடவே வைத்திருக்கும் வண்ண வழிகாட்டித் தாளில் ஒரே ஒரு அதிகாரியின் படத்தைப் போட்டு, இரண்டு தோள்களிலும் தங்கநிறக் குஞ்சத்தைத் தொங்கவிட்டு, ஆறு பேருக்கும் அதுவே பொருந்தும் என்று சொல்லிவிட்டார்கள். அதை நம்பித் தூரிகையை எடுத்தால், சிற்பி இவ்வளவு பாடுபட்டுச் செதுக்கியதெல்லாம் வீணாகிவிடும்.

ஏனென்றால், அந்தப் படையில் ஓர் அதிகாரியின் பதவியைத் தோளைப் பார்த்தே சொல்லிவிடலாம். கர்னலுக்கு இரண்டு தோள்களிலும் பருத்த முறுக்குக் குஞ்சம் உண்டு. மேஜருக்கும் அப்படியே, ஆனால் அவருடைய தோள்பட்டையின் மேற்பகுதி தங்கமாக இல்லாமல் வெள்ளிநிறத்தில் இருக்கும். பட்டாலியன் தலைவருக்கு இடது தோளில் மட்டும் பருத்த குஞ்சம், வலது தோளில் குஞ்சமில்லாத வெறும் பட்டை. கேப்டனுக்கும் இடப்பக்கமே குஞ்சம் என்றாலும் அதன் இழைகள் மெல்லியவை. லெப்டினன்டின் தோள்பட்டையில் நீளவாக்கில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். சப்-லெப்டினன்டுக்கு இரண்டு கோடுகள். இந்தப் பெட்டியின் சிற்பி பருத்த குஞ்சத்தையும் மெல்லிய குஞ்சத்தையும் வேறுபடுத்திக் காட்டியிருக்கிறார் என்பதை, பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்த பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். 28 மி.மீ. அளவில் அது சாதாரண வேலை அல்ல.

ஆறு உருவங்களில் ஒன்றுக்குக் குஞ்சம் வலது தோளில் மட்டும் இருந்தது. வார்ப்பில் நேர்ந்த பிழை என்றே முதலில் நினைத்தேன். குஞ்சத்தை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, இடது தோளில் எப்பாக்சி புட்டியால் (பிசைந்து வடித்தால் இறுகிவிடும் பசைக்களி) புதிதாகச் செய்யலாம் என்று புட்டியைக்கூடப் பிசைந்து வைத்துவிட்டேன். நல்லவேளையாக, தொடங்குமுன் சீருடை விதிகளை ஒருமுறை பார்த்தேன். அவர் பிழையே அல்ல. பட்டாலியன் தலைவருக்கு உதவியாக நிர்வாகத்தைக் கவனிக்கும் அட்ஜுடன்ட்-மேஜர். கேப்டனின் தோளணிகளை அவர் இடம் மாற்றி, குஞ்சம் வலப்பக்கம் வருமாறு அணிவார். பெட்டியிலேயே மிகச் சிறந்த உருவம் இதுதான். தாளில் இவரைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டாமா?

சப்-லெப்டினன்டின் தோள்பட்டை ஒரு மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். தங்கத்தின் மேல் இரண்டு சிவப்புக் கோடுகளை இழுக்க முயன்றால் கை தவறிவிடுகிறது. முதலில் பட்டை முழுவதையும் சிவப்பாக்கிவிட்டு, அது நன்றாகக் காய்ந்ததும் நடுவில் ஒன்றும் ஓரங்களில் இரண்டுமாக மூன்று தங்க இழைகளை இட்டால், இடையில் எஞ்சும் சிவப்பே இரண்டு கோடுகளாகி நிற்கும். லெப்டினன்டுக்கு ஓரங்களில் மட்டும் தங்கம் இட்டால் போதும்.

இதே உருவங்களை மார்புமடிப்பை (மேலங்கியின் முன்புறத்தில் திருப்பி மடித்த துணி) மட்டும் நீலமாக்கி இலகு காலாட்படை (முன்னால் பரவி நின்று சண்டையிடும் பிரிவு) அதிகாரிகளாகவும் தீட்டலாம் என்று தாளின் அடியில் ஒரு குறிப்பு இருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. வரிசைக் காலாட்படைக்குப் பொத்தானும் தோளணியும் தங்கநிறம், இலகு காலாட்படைக்கு வெள்ளிநிறம். குறிப்பில் அது இல்லை. நிறத்தையாவது நாமே திருத்திக்கொள்ளலாம், வெட்டை எப்படித் திருத்துவது? இலகு காலாட்படையினரின் மார்புமடிப்பு கீழ்ப்புறம் கூராக முடியும். இந்த உருவங்களில் அது சதுரமாக முடிகிறது. கிரனேடியர் எனப்பட்ட தேர்ந்தெடுத்த வீரர்களின் தோளணி சிவப்பு என்பதால் அவர்களுடைய அதிகாரிக்கும் சிவப்பைத் தீட்டிவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. அதிகாரிக்கு அங்கேயும் தங்கம்தான்.

மேலங்கியின் நீலத்துக்கு வயெஹோ என்ற வண்ண நிறுவனத்தின் டார்க் பிரஷ்யன் புளூவைப் பயன்படுத்தினேன். அவுரிச் சாயம் ஏறிய துணி ஏறக்குறையக் கருப்பாகவே தெரியும் என்றாலும், இவ்வளவு சிறிய உருவத்தில் அந்த நிறத்தை அப்படியே வைத்தால் மடிப்புகள் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன; அதனால் மேடான இடங்களில் சற்று வெளுப்பாக்கினேன். அதிகாரிகள் சொந்தச் செலவில் உயர்ந்த துணியில் தைத்துக்கொண்டவர்கள் என்பதால், பக்கத்தில் நிற்கும் வீரர்களைவிட இவர்களின் நீலம் ஒரு படி ஆழமாக இருப்பதே பொருத்தம். மூன்று உருவங்களின் கழுத்தில் பிறை வடிவத் தகடு தொங்குகிறது. அது பணியில் இருப்பதற்கான அடையாளம். தகடு பொன்முலாம், நடுவில் உள்ள சின்னம் வெள்ளி. பட்டாலியன் தலைவரின் இடது மார்பில், 1802-இல் நெப்போலியன் நிறுவிய லெஜியன் ஆஃப் ஹானர் விருதைக்கூடச் செதுக்கியிருக்கிறார்கள்: ஒரு சிவப்புத் தீற்றல், அதன் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி.

கர்னலின் குதிரை சுமார்தான்; கால்கள் விறைத்து நிற்கின்றன. கர்னலோடு மேஜரும் வேண்டுமென்றால் தனி உருவம் தேட வேண்டாம், இன்னொரு பெட்டியின் கர்னலுக்குத் தோள்பட்டையை வெள்ளியாக்கினால் போதும். ஆனால் மேஜர் பெரும்பாலும் பயிற்சிக் கிடங்கைக் கவனித்துக்கொண்டு பின்னால் இருந்தவர் என்பதால், போர் விளையாட்டு மேசையில் அவருக்கு அவ்வளவு அவசியம் வராது. நான் இரண்டாவது பெட்டிக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன்; அதில் வரும் அட்ஜுடன்ட்-மேஜர் என்னுடைய இரண்டாவது பட்டாலியனுக்கு.