விருந்தாளிக்கு எந்த மெத்தை: காற்று மெத்தையா, மடிப்பு ஃபோமா, சோபா கம் பெட்டா?

இலையுதிர்காலம் தொடங்கும்போதே சொந்தபந்தங்களின் வரவும் தொடங்கிவிடும். வெயில் தணிந்திருக்கும், பயணம் அலுப்பாக இருக்காது, பொழுது சீக்கிரம் சாய்வதால் சாப்பாட்டுக்கு முன்பே எல்லோரும் டிவி முன்னால் கூடிவிடுவார்கள். பத்து மணிக்கு மேல்தான் கேள்வி வரும்: இத்தனை பேரும் எங்கே படுப்பது? பெரும்பாலான வீடுகளில் பதில் ஹால்தான். அந்த ஹாலுக்கு என்ன வாங்கி வைப்பது என்று பார்த்தால் மூன்று வழிகள் இருக்கின்றன. பம்ப் வைத்து ஊதும் காற்று மெத்தை, மூன்றாக மடியும் ஃபோம் மெத்தை, சோபா கம் பெட். இரும்புக் குழாய் மடக்குக் கட்டிலை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நடுவில் தொய்ந்த கட்டிலில் ஓர் இரவு படுத்தவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

எங்கள் வீட்டுக்கு வாங்கியது மடிப்பு ஃபோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாயும், தெரிந்தே படியுங்கள்.

கடையில் எல்லோரும் மெத்தையில் படுத்துப் பார்க்கிறார்கள். யாரும் படுக்காதபோது அது எங்கே, எப்படி இருக்கும் என்று யோசிப்பவர்கள் குறைவு. விருந்தாளி மெத்தைக்கு வருஷத்தில் இரண்டு மூன்று வாரம்தான் வேலை. மீதிக் காலமெல்லாம் அலமாரியிலோ பரணிலோ கிடக்கும். இவை பெரும்பாலும் கெடுவது அப்படிக் கிடக்கும் காலத்தில்தான். மூன்றையும் அந்தக் கண்ணோடு பார்த்தால் தேர்வு சுலபமாகிவிடும்.

சோபா கம் பெட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இதில் இரண்டு வகை அதிகம். உள்ளே மடிந்திருப்பதை இழுத்து விரிக்கும் வகையில் மெத்தை 10, 12 செ.மீ. தடிமனைத் தாண்டுவது அபூர்வம். தாண்டினால் சோபாவுக்குள் மடியாது. அதன் அடியில் குறுக்கே ஓடும் இரும்புக் கம்பி சரியாக இடுப்புக்குக் கீழே வந்து நிற்கும். முதுகுச் சாய்வைத் தட்டிக் கீழே படுக்க வைக்கும் இன்னொரு வகையில் கம்பித் தொல்லை இல்லை. ஆனால் இருக்கையும் சாய்வும் சேரும் இடத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் விழும், இருவர் படுத்தால் ஒருவர் அதில்தான் உருளுவார். இழுக்கும் வகைக்குச் சுவரிலிருந்து கால்மாடு வரை ஏறக்குறைய 2.2 மீட்டர் வேண்டும், டீப்பாய் தினமும் இடம் மாற வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. படுக்கையும் அதுதான், உட்காரும் இடமும் அதுதான். ஒன்பது மணிக்கே தூங்கப் போகும் ஒருவர் இருந்தால் மற்றவர்களுக்கு டிவி பார்க்க உட்கார இடம் கிடையாது. நட்டும் போல்ட்டும் நாளடைவில் தளரும், வருஷத்துக்கு ஒருமுறை இறுக்க வேண்டும். கீல் கிரீச்சிட்டால் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். எண்ணெய் விட்டால் அது தூசியைப் பிடித்துக் கறுத்து, மெத்தைத் துணியில் கறையாக இறங்கும். விற்கலாம் என்று பார்த்தாலோ, அந்த எடையை மாடிப்படியில் இறக்க ஆள் பிடிக்கும் செலவை நினைத்தே வாங்க வருபவர் விலையைக் குறைப்பார். பழையதை வாங்குவதாக இருந்தால் தையல் மடிப்புகளையும் மரச்சட்ட இடுக்குகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கரும்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சி, அப்படியே திரும்பிவிடுங்கள். இத்தனைக்கும் பிறகு சோபா கம் பெட்டுக்கு ஒரு நியாயம் மிச்சம் இருக்கிறது: முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு அதன் உயரம் வசதி.

காற்று மெத்தை பார்த்தவுடன் பிடித்துப்போகும். மடித்தால் ஒரு பைக்குள் அடங்கும், ஊதினால் இருவர் படுக்கலாம். கோடையில் இதைப் பற்றி இவ்வளவு குறை சொல்ல வேண்டியிருக்காது. இலையுதிர்காலத் தொடக்கத்தில்தான் தொல்லை, ஏனென்றால் பகல் இன்னும் சூடு, விடியற்காலை குளிர்.

மாலை 28 டிகிரி வெப்பத்தில் ஊதிய மெத்தை விடியும்போது 18 டிகிரிக்கு இறங்கினால், உள்ளே உள்ள காற்று சுமார் 3.3 சதவீதம் சுருங்கும். 190 × 137 × 22 செ.மீ. அளவுள்ள மெத்தைக்குள் ஏறக்குறைய 570 லிட்டர் காற்று இருக்கும் என்று வைத்தால், 19 லிட்டர் கழிந்த மாதிரி. காற்று மெத்தையின் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடக் கொஞ்சமே கூடுதல் என்பதால் இந்தச் சிறு சுருக்கமும் உடம்புக்கு நன்றாகத் தெரியும். மூன்று மணிக்கு இடுப்பு தரையைத் தொடும். காலையில் விருந்தாளி “நல்லாத்தான் தூங்கினேன்” என்பார், நம்ப வேண்டாம். ஓட்டை எதுவும் இல்லாமலே இப்படி நடக்கும். புது மெத்தை என்றால் இன்னும் மோசம். பிவிசி முதல் சில தடவை ஊதும்போது இழுபட்டு விரிந்து கொடுக்கும், அதைக் கசிவு என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

வழி என்னவென்றால், விருந்தாளி வருவதற்கு முந்தைய நாளே ஊதி ஓர் இரவு விட்டுவிட வேண்டும். பிறகு படுக்கும் நேரத்தில் அறை குளிர்ந்ததும் ஒருமுறை நிரப்ப வேண்டும். பம்ப் சத்தத்தில் ஏற்கெனவே தூங்கியவர்கள் எழுந்துகொள்வார்கள் என்பது தனிக் கதை. வாயால் மட்டும் ஊதாதீர்கள். மூச்சில் இருக்கும் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்கும், அதைத் துடைக்கக் கை நுழைய வழியில்லை.

குளிர் விஷயத்திலும் இது ஏமாற்றும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகு சில்லென்றே இருக்கும். மெத்தைக்குள் காற்று சுழன்று உடம்புச் சூட்டைத் தரைக்குக் கடத்திக்கொண்டே இருப்பதுதான் காரணம். கூடுதலாக ஒரு கம்பளி இருந்தால் அதை மேலே போர்த்தாமல் விரிப்புக்கு அடியில் போடுங்கள், வித்தியாசம் தெரியும்.

பஞ்சரைக் கண்டுபிடிக்கக் கெட்டியாக ஊதிவிட்டு, பாத்திரம் தேய்க்கும் திரவத்தைத் தண்ணீரில் கரைத்து முதலில் வால்வைச் சுற்றியும், அடுத்து ஓரத் தையல்களிலும், கடைசியாகப் பரப்பிலும் தடவ வேண்டும். குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுக் காற்றை முழுக்க இறக்குங்கள். மேல்பக்கம் வெல்வெட் போல இருக்கும் பூச்சில் பசை ஒட்டாது. உப்புத்தாளால் அதைச் சுரண்டி வழவழப்பான பிவிசி தெரிந்த பிறகே பிவிசி பசையும் ஒட்டுத்துண்டும். மேலே கனம் வைத்து ஓர் இரவு விட வேண்டும். அவசரப் பசை உதவாது, காய்ந்தால் விறைத்து, மெத்தை வளையும்போது வெடித்துவிடும். ஓரத் தையலில் கசிந்தால் ஒட்டு நிற்பது சந்தேகம். நடுவில் ஒரு பெரிய புடைப்பு கிளம்பினால் உள்ளே இருக்கும் தடுப்பு பிய்ந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு வைத்தியமே இல்லை.

மெத்தை சும்மா கிடக்கும் காலத்துக்கு வருவோம். ஒரே மடிப்பில் ஒரு வருஷம் அழுந்திக் கிடந்த பிவிசி அந்தக் கோட்டிலேயே பலவீனப்படும். ஆகவே இறுக்கிச் சுருட்டாமல், ஒவ்வொரு முறையும் இடம் மாற்றித் தளர்வாக மடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு வையுங்கள். பரணில் எலி வருமென்றால் அங்கே வேண்டாம். இத்தனை செய்தும் அடுத்த வருஷம் வேலை செய்யுமா என்பது ஊதிப் பார்த்தால்தான் தெரியும். விருந்தாளி வாசலில் நிற்கும்போது அது தெரியவந்து பயனில்லை.

கைக்குழந்தையைக் காற்று மெத்தையில் படுக்க வைக்கவே கூடாது. மென்மையாகக் குழியும் பரப்பில் முகம் அழுந்தினால் மூச்சு முட்டும், மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே சிக்கும் அபாயமும் உண்டு. குழந்தையோடு வருபவர்களுக்குக் கெட்டியான, தட்டையான தனிப் படுக்கை வேண்டும். மடிப்பு ஃபோமும் சோபாவும் அதற்கு மாற்று ஆகாது.

ஒரே இடத்தில் காற்று மெத்தை மற்ற இரண்டையும் ஜெயிக்கிறது. வெளியூர்ப் பயணத்துக்கும் கூடாரத்துக்கும் இதுதான். டிக்கியில் ஒரு மூலை போதும், காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் பம்ப் ஓடும். கூடாரத்தில் பகல் வெயில் ஏறுவதற்குள் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் உள்ளே காற்று விரிந்து தையல் விட்டுவிடும்.

மடிப்பு ஃபோமுக்கு வால்வு இல்லை, பம்ப் இல்லை, கீல் இல்லை. உறையைத் தவிர ரிப்பேர் ஆக அதில் ஒன்றும் இல்லை என்பதுதான் எங்களை அதன் பக்கம் இழுத்தது. 190 × 90 செ.மீ. அளவு, 10 செ.மீ. தடிமன் ஒருவருக்குப் போதும். மூன்றாக மடித்தால் 63 × 90 செ.மீ. அளவில் 30 செ.மீ. உயர அடுக்கு. பகலில் அதுவே டிவி முன்னால் தாழ்வான இருக்கை, சுவரோரம் நிறுத்தினால் சாய்மானம். பெரியவர்கள் சோபாவில், சிறுசுகள் இந்த அடுக்குகளில் என்று படம் முடியும்வரை உட்காரலாம். தூக்கம் வந்தவர் தனக்குரியதை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போகலாம், யாரையும் எழுப்ப வேண்டாம்.

இதற்கும் ஓர் எதிரி உண்டு: அடியில் சேரும் ஈரம். தூங்கும்போது உடம்பிலிருந்து ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆவியாக அது ஃபோம் வழியே இறங்கி, குளிர்ந்த தரையைத் தொட்டதும் நீராக மாறும். காலையில் மெத்தையைப் புரட்டினால் அடிப்பக்கம் நசநசவென்று இருப்பது அதனால்தான். அதை அப்படியே மடித்து வைத்தால் சில நாளில் வாடை, பிறகு கரும்புள்ளியாகப் பூஞ்சை. எழுந்ததும் விரிப்பை உருவிவிட்டு, மெத்தையை வளைத்துக் கூடாரம் போல நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். கல் தரை என்றால் அடியில் பாயோ மரச்சட்டமோ போட்டால் காற்று ஓடும். நாள் முழுக்க வெயிலில் காயப்போடுவது தப்பு, வெயில் பட்டு ஃபோம் மஞ்சளாகிப் பொடியாக உதிரும்.

வருஷக்கணக்கில் வைக்க நெகிழிப் பை கூடாது, பருத்தி உறை போதும். காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பையில் மாதக்கணக்கில் அடைத்தால் ஃபோம் பழைய தடிமனுக்கு முழுமையாகத் திரும்பாது. மேலே பெட்டிகள் அடுக்கினாலும் இதே கதி. இடம்தான் இதன் உண்மையான விலை. அலமாரியில் அந்த அடுக்குக்கு இடமில்லாத சின்ன வீட்டில் காற்று மெத்தையைக் குறை சொல்லிப் பயனில்லை, அதையே வாங்க வேண்டியதுதான்.

தரையில் படுத்து டிவி பார்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல். சோபாவில் உட்காருபவரின் கண்ணுக்கு ஏற்றபடி திரையின் நடு தரையிலிருந்து 110 செ.மீ.யில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலையணையில் சாய்ந்தவரின் கண் 30 செ.மீ.யில் இருக்கும். 2.5 மீட்டர் தூரத்தில் அது 18 டிகிரி அண்ணாந்து பார்ப்பது. கழுத்து வலிப்பதோடு, பல எல்சிடி திரைகளில் கறுப்பு வெளிறித் தெரியும். சுவரில் மாட்டும் சட்டத்தில் சாய்க்கும் வசதி இருந்தால் 10 டிகிரி கீழே சாய்த்துவிடுங்கள், சோபாவில் இருப்பவர்களுக்குப் பெரிய குறை தெரியாது.

எழுந்து உட்காரச் சிரமப்படும் பெரியவர்களுக்குத் தரை மெத்தை சரிப்படாது, இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாலும் 20 செ.மீ.தான். அவர்களுக்கு நம் கட்டிலைக் கொடுத்துவிட்டு நாம் தரைக்கு வருவதே நல்லது. ஆண்டு முழுக்கப் பெரியவர்கள் வந்து போகும் வீடு என்றால், மேலே சொன்ன குறைகளோடும் சோபா கம் பெட்டைப் பரிசீலிக்கலாம். அது எத்தனை வருஷம் உழைக்கும் என்பது கீலின் தரத்தைப் பொறுத்தது, பொதுவாக ஒரு கணக்கு சொல்ல முடியாது.

ஃபோம் வாங்கப் போனால் கவனிக்க வேண்டியவை: மடிப்புக் கோட்டில் உறைத் துணி இரட்டைத் தையலோடு இருக்கிறதா, உறை முழுவதும் ஜிப்பில் கழலுமா. முழங்காலை நடுவில் ஊன்றி உடம்பின் எடையைப் போடுங்கள், தரை தட்டினால் பக்கவாட்டில் படுப்பவரின் இடுப்பும் தட்டும். அவர்களுக்கு 15 செ.மீ. பாருங்கள். மெமரி ஃபோம் வேண்டாம், குளிரில் கெட்டியாகிவிடும். அடர்த்தி கன மீட்டருக்கு 32 கிலோ என்று சீட்டில் போட்டிருந்தால் எடை போட்டுப் பாருங்கள். 190 × 90 × 10 செ.மீ. என்பது 0.171 கன மீட்டர்; ஃபோம் மட்டுமே 5.5 கிலோ வர வேண்டும். உறையோடு சேர்த்து நாலு கிலோ காட்டினால் சீட்டில் போட்டிருப்பது பொய்.