65 வயதைத் தாண்டிய பருமன்: மூளையின் ரத்தக் குழாய்களைக் காக்க எந்த வழி?

உணவுக் குறைப்பு, உடற்பயிற்சி, எடைக்குறைப்பு ஊசி, பிரஷர் மாத்திரை: இந்த நான்கில் எது மூளைக்கு அதிகம் உதவும் என்று பார்க்க, முதலில் சேதம் எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும். மூளையின் ஆழத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டம் உள்ளவை. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கிறது, அழற்சியைத் தூண்டுகிறது. வயது ஏறும்போது பெருந்தமனி விறைத்துவிடுவதால், ஒவ்வொரு இதயத் துடிப்பின் அடியும் வழியில் தணியாமல் அந்தச் சிறு குழாய்களில் போய் மோதுகிறது. வருடக்கணக்கில் அடிபட்ட சுவர் தடித்து உள்வழி குறுகுகிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் வெண்பொருளில் (நரம்பிழைகள் நிறைந்த உட்பகுதியில்) தெரியும் வெள்ளைத் திட்டுகள் பெரும்பாலும் இதன் தடம்தான். அவை பெருகினால் நடை தளரும், யோசிக்கும் வேகம் குறையும், பக்கவாத ஆபத்தும் கூடும்.

ஆகவே எத்தனை கிலோ குறைந்தது என்பதைவிட அழுத்தம் எவ்வளவு இறங்கியது, தசை மிஞ்சியதா என்பவைதான் இங்கே முக்கியம். முதியவர்களுக்கு பி.எம்.ஐ.யும் (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) நல்ல அளவுகோல் அல்ல. உயரம் குறுகும், தசை கரையும், எண் மட்டும் மாறாமல் நிற்கும். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று நாடாவால் அளப்பது மேல்.

உணவை மட்டும் குறைப்பதுதான் நான்கில் பலவீனமானது. பருமனான முதியவர்கள் 107 பேரை ஓராண்டு தொடர்ந்து, 2011-ல் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாடு மட்டும் கடைப்பிடித்தவர்களின் எடை 10% குறைந்தது. கொழுப்பு நீங்கலான உடல் நிறை 5% போனது. உடற்பயிற்சியும் சேர்த்தவர்களுக்கு எடை 9% குறைந்தது, ஆனால் அந்த இழப்பு 3 சதவீதத்தோடு நின்றது. ரத்தச் சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடம் தசை. அதை இழந்துவிட்டு எடை திரும்ப ஏறினால், வருவது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் இருக்கும். இன்னொன்று: முயற்சி இல்லாமல் தானாக எடை குறைந்தால் மகிழக் கூடாது. மறதிநோய் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடை இறங்கத் தொடங்குவதுண்டு.

உடற்பயிற்சி என்றால் எது? நடையா, பளு தூக்குவதா? 2017-ல் வெளியான, 160 பேர் பங்கேற்ற ஆறு மாத ஆய்வு இதை நேராக மோதவிட்டது. பயிற்சி செய்த மூன்று குழுக்களும் உணவையும் குறைத்தன. மூன்றுக்கும் எடை 9% இறங்கியது. உடல் இயக்கத் திறன் நடை போன்ற பயிற்சியில் 14%, பளுவில் 14%, இரண்டும் சேர்ந்ததில் 21% உயர்ந்தது. நடைக் குழுவில் இடுப்பெலும்பு அடர்த்தி 3% குறைந்தது. சேர்ந்த குழுவில் 1% மட்டுமே. அவர்கள் செய்தது: அன்றாடத் தேவையைவிட 500 முதல் 750 கலோரி குறைவாக உணவு, உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் புரதம், வாரம் மூன்று நாள் பயிற்சி. பளுவை 8 முதல் 12 தடவை தூக்கும் அளவுக்கு வைத்துக்கொண்டார்கள். தூக்கும்போது மூச்சைப் பிடிக்கக் கூடாது. அழுத்தம் சட்டென்று எகிறும். தூக்கும்போது மூச்சை விடவும், இறக்கும்போது இழுக்கவும்.

இது உடல் வலுவின் கணக்கு. மூளைக் குழாய்களுக்கும் ஓரளவு சான்று உண்டு: அதிக எடையும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயும் உள்ளவர்களிடம் நடந்த லுக் அஹெட் ஆய்வில், சுமார் பத்தாண்டுக்குப் பின் எடுத்த எம்.ஆர்.ஐ.யில், உணவு–உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களின் வெள்ளைத் திட்டுகள் 28% குறைவாக இருந்தன. ஆனால் நினைவுத்திறன் சோதனைகளில் மொத்தத்தில் வேறுபாடு தெரியவில்லை.

எங்கள் கணிப்பில் முதலிடம் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுக்குத்தான். ஸ்பிரிண்ட் ஆய்வில் மேல் அழுத்தத்தை 140-க்குக் கீழே வைத்தவர்களோடு 120-க்குக் கீழே வைத்தவர்களை ஒப்பிட்டார்கள். 2019-ல் வந்த முடிவின்படி, 120 குழுவில் லேசான அறிவுத்திறன் குறைபாடு 19% குறைந்தது. வெள்ளைத் திட்டுகள் 0.92 கன செ.மீ. மட்டுமே வளர்ந்தன, மற்றக் குழுவில் 1.45. சர்க்கரை நோயும் முந்தைய பக்கவாதமும் உள்ளவர்கள் அதில் இல்லை என்பதை மறக்க வேண்டாம். பருமனானவர்களுக்கு அழுத்தம் அளப்பதில் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது: மேல்கைச் சுற்றளவு 34 செ.மீ.யைத் தாண்டியும் கருவியின் சாதாரணக் கைப்பட்டையையே சுற்றுவது. பட்டை சிறிதானால் எண் உள்ளதைவிட உயர்ந்து காட்டும். அதை நம்பி மாத்திரை கூடும். பெரிய பட்டையைக் கேட்டு வாங்கி, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்தபின், கையை இதய மட்டத்தில் வைத்து அளவெடுங்கள்.

பசியை அடக்கி எடையைக் குறைக்கும் செமாகுளூடைட் ஊசிக்கு நல்ல இடம் உண்டு, ஆனால் எல்லோருக்கும் அல்ல. இதயநோய் உள்ள, சர்க்கரை இல்லாத, அதிக எடையுள்ள 17,604 பேரிடம் நடந்த செலக்ட் ஆய்வில் (2023) மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 20% குறைந்தன. பக்கவாதத்தைத் தனியே பார்த்தால் குறைவு உறுதியாகவில்லை. வாரம் 0.25 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7, 2.4 என ஏற்றுவது வழக்கம். அவசரப்பட்டால் வாந்தியும் நீரிழப்பும் வரும். பசி அடங்குவதால் புரதமும் குறையும். பளுப் பயிற்சி இல்லாமல் ஊசி மட்டும் போட்டால், உணவை மட்டும் குறைப்பவரின் தசை இழப்பே இவருக்கும்.

எடையைக் குறைப்பவர் எவ்வழியில் போனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எடை இறங்கும்போது அழுத்தமும் ரத்தச் சர்க்கரையும் இறங்கும். பழைய அளவிலேயே பிரஷர் மாத்திரையும் இன்சுலினும் தொடர்ந்தால் தலைசுற்றி விழ நேரிடும். விறைத்த குழாய்களால் அழுத்தத்தின் திடீர்ச் சரிவை ஈடுகட்ட முடியாது; மூளைக்கு ரத்தம் போதாமல் போகும். மாதம் ஒருமுறை படுத்தபடி ஓர் அளவு, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஓர் அளவு எடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 சரிந்தால், மருந்தை நீங்களே நிறுத்தாமல், அந்த இரண்டு அளவுகளோடு மருத்துவரைப் பாருங்கள்.