புளூகில் பிடிக்க மண்புழுவா, ஜிக்கா?

அமெரிக்காவின் மினசோட்டா, விஸ்கான்சின் ஏரிகளில் கோடையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு முதலில் மாட்டுவது பெரும்பாலும் புளூகில் என்ற சிறு மீன்தான். உள்ளங்கை அகலமே இருக்கும். உடலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு இழுக்கும்போது ஏதோ பெரிய மீன் என்று நம்பிவிடுவோம்.

ஜூன் மாதத்தில் எனக்கு மண்புழுவும் தக்கையும் போதும். அப்போது ஆண் மீன்கள் கரையோர ஆழமற்ற நீரில் வட்டக் குழி பறித்து முட்டைகளைக் காவல் காக்கும். அருகில் வருவதையெல்லாம் கடிக்கும். முழுப் புழுவைக் கோர்ப்பது வீண். புளூகிலின் வாய் மிகச் சிறியது, புழுவின் வாலை மட்டும் பிய்த்துக்கொண்டு ஓடிவிடும். நக அளவுத் துண்டும் 8 அல்லது 10ஆம் எண் முள்ளும் சரி. தக்கையும் சிறியதாக இருக்கட்டும். பெரிய தக்கையை இழுக்கச் சிரமப்பட்டால் மீன் இரையைத் துப்பிவிடும். தொல்லை என்னவென்றால், குஞ்சுகளே முந்திக்கொள்ளும், சில முள்ளை விழுங்கியும்விடும். குழி காக்கும் பெரிய ஆண்களை நான் திரும்ப விட்டுவிடுவேன்.

ஜூலை பிறந்ததும் கதை மாறுகிறது. பெரிய மீன்கள் நீர்த்தாவரங்களின் வெளி விளிம்புக்கு, 10 முதல் 15 அடி ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கே சிறு ஜிக்தான் கைகொடுக்கும், அதாவது முள்ளின் தலையில் ஈயக் குண்டு வைத்த செயற்கை இரை. எடை 1/32 அவுன்ஸ், ஒரு கிராமுக்கும் குறைவு. அதை மெதுவாக இறக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது. கிராப்பி என்ற மீனும் இதற்கு மாட்டும்.

குழந்தைகளோடு போனால் எந்த மாதமானாலும் மண்புழுதான். தனியாகப் படகில் போனால் ஜிக், அதன் முனையில் திருட்டுத்தனமாக ஒரு துண்டுப் புழு.