சோடியம் வால்ப்ரோயேட்: மாத்திரையோடு ரத்தப் பரிசோதனையையும் சேர்த்தே வாங்க வேண்டிய மருந்து

வலிப்பு நோய்க்காக என் தம்பி சில ஆண்டுகளாகச் சாப்பிட்டு வரும் சோடியம் வால்ப்ரோயேட் 500 மில்லிகிராம் மாத்திரையைப் பற்றிய மதிப்பீடு இது. உடம்பு முழுவதும் வெட்டி இழுக்கும் வலிப்பு, சில நொடிகள் நினைவு தப்பும் வலிப்பு, காலையில் எழுந்ததும் கைகள் தூக்கிப்போடும் வலிப்பு ஆகிய மூன்றையும் இந்த ஒரே மருந்தால் கட்டுப்படுத்த முடியும். தம்பிக்கு இருந்தது மூன்றாவது வகை. காபி தம்ளரைப் பிடித்த கை திடீரெனத் துள்ளி, காபி முழுவதும் தரையில் கொட்டிவிடும். மருந்தின் அளவு சரியாக அமைந்த பிறகு அது அறவே நின்றது. அந்த வகையில் இந்த மருந்தின் மீது எனக்குக் குறையேதும் இல்லை.

குறை, அதன் விளைவுகளை எடுத்துச் சொல்லாமல் கொடுக்கும் முறையில்தான் இருக்கிறது. வால்ப்ரோயேட், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை (பிளேட்லெட்) குறைக்கக்கூடியது. எண்ணிக்கை குறையாதபோதும் அவற்றின் செயல்திறன் மங்கலாம். ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஃபைப்ரினோஜென், வான் வில்லிபிராண்ட் காரணி ஆகிய புரதங்களும் சிலருக்குக் குறைகின்றன. மருந்தின் அளவு கூடக்கூட இந்த ஆபத்தும் கூடுகிறது. ரத்தத்தில் மருந்தின் அளவு மில்லிலிட்டருக்குப் பெண்களிடம் 110 மைக்ரோகிராமையும் ஆண்களிடம் 135 மைக்ரோகிராமையும் தாண்டும்போது தட்டணுக் குறைவுக்கான வாய்ப்பு கணிசமாக உயர்வதாக, மருத்துவர்களுக்கான மருந்துக் குறிப்பே எச்சரிக்கிறது. சிகிச்சையைத் தொடங்கும் முன்பும், பின்னர் குறிப்பிட்ட இடைவெளிகளிலும், அறுவை சிகிச்சைக்கு முன்பும் தட்டணு எண்ணிக்கையையும் உறைதல் திறனையும் பார்க்க வேண்டும் என்று அதே குறிப்பு சொல்கிறது. நாங்கள் மாத்திரை வாங்கிய கடையிலோ, முதலில் காட்டிய மருத்துவமனையிலோ இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மாத்திரை அட்டையிலும் தமிழில் ஒரு வரிகூட இல்லை.

பல் துலக்கும்போது தம்பியின் ஈறில் ரத்தம் கசிந்தது. மேசை முனையில் லேசாக இடித்துக்கொண்டாலும் தொடையில் கருநீலமாகக் கன்றியது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும் முன் பல் மருத்துவர் வற்புறுத்தி எடுக்கச் சொன்ன பரிசோதனையில்தான், ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கியிருந்தது தெரிந்தது. நரம்பியல் மருத்துவர் மருந்தின் அளவைக் குறைத்தார், எண்ணிக்கை மெல்ல ஏறியது, வலிப்பும் திரும்பவில்லை. ரத்தக்கசிவைக் கண்டு பயந்து மாத்திரையை நாமாகவே நிறுத்திவிட்டால், வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் மருத்துவர் முடிவாகவே இருக்க வேண்டும்.

மற்ற வலிப்பு மருந்துகளும் ரத்தத்தைத் தொடாமல் விடுவதில்லை. கார்பமாசெபின் வெள்ளணுக்களைக் குறைக்கலாம். மிக அரிதாக எலும்பு மஜ்ஜையையே செயலிழக்கச் செய்யலாம். ஃபெனிட்டாய்னை நெடுநாள் சாப்பிடுவோருக்கு ஃபோலேட் என்ற வைட்டமின் குறைந்து ரத்தசோகை வரலாம். ஆனால் வால்ப்ரோயேட்டுக்கு நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. டெங்கு பரவும் மாதங்களில் காய்ச்சலோடு தட்டணு குறைந்தால், அது காய்ச்சலாலா மருந்தாலா என்று பிரித்தறிய, முன்பு எடுத்த பரிசோதனை முடிவு கையில் இருப்பது பேருதவி. காய்ச்சலுக்குக் காட்டும் மருத்துவரிடம் வலிப்பு மாத்திரையின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்பிரினை அவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

வால்ப்ரோயேட், கருவிலுள்ள குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறைபாடும் அறிவு வளர்ச்சிக் குறைவும் ஏற்படுத்தக்கூடியது என்பதால், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்கள் இதைத் தொடங்கும் முன் மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்பது அவசியம். மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஆகவே அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம். மெதுவாகக் கரையும் வகையை நொறுக்கவோ மெல்லவோ கூடாது.

மற்றபடி, வலிப்பை அடக்கும் திறனுக்காக இந்த மருந்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் முதல் மாத்திரைக்கு முன்னரே ஒரு முழு ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள், அந்தத் தாளை மருந்துச் சீட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.