ஒரே நாளில் கடலும் பழங்கோட்டையும்: ஆலம்பரையா, பூம்புகாரா?

தர்மபுரியிலிருந்து கடல் எந்தப் பக்கம் போனாலும் தூரம்தான். அலைச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் கோழி கூவும் முன் வண்டி எடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் கடலோரச் சாலையிலும் போக வேண்டும், இடிந்த கோட்டை, பழைய கோயில் என்று நாலு இடமும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் இரண்டு வழிகள் உண்டு. இரண்டிலும் குடும்பத்தோடு போய் வந்திருக்கிறேன்.

முதலாவது மரக்காணத்தில் தொடங்கி, ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்துவிட்டு, மாமல்லபுரத்தில் முடிகிற வழி. அரூர், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று போனால் மரக்காணம் சுமார் 200 கி.மீ. கிருஷ்ணகிரிக்காரர்கள் ஊத்தங்கரை வழியாக வந்து திருவண்ணாமலையில் சேர்ந்துகொள்ளலாம். போகிற வழியில் செஞ்சிக் கோட்டை தெரியும். அதன் குன்றுகளில் ஒன்றுக்கும் கிருஷ்ணகிரி என்றுதான் பெயர். ஆனால் அங்கே ஏற ஆரம்பித்தால் அன்றைய கடல் போச்சு, காரிலிருந்தே பார்த்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது தரங்கம்பாடி, பூம்புகார் வழி. தொப்பூர் கணவாய் இறங்கி, சேலம், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, விருத்தாசலம், சிதம்பரம், சீர்காழி. பூம்புகார் போய்ச் சேரவே 300 கி.மீ.க்கு மேல் ஆகும். தொப்பூர் இறக்கத்தில் இருட்டோடு லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. அந்த வழியில் போகிறவர்கள் தயவுசெய்து அங்கே அவசரப்படாதீர்கள்.

தூரத்தில் முதல் வழிக்குத்தான் வெற்றி. நாலு மணிக்குக் கிளம்பினால் காலைப் பலகாரத்தைத் திருவண்ணாமலையில் முடித்துவிட்டு, ஒன்பது மணி சுமாருக்கு மரக்காணத்து உப்பளங்களைப் பார்க்கலாம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்பினால் கடப்பாக்கம். ஊருக்குப் பக்கத்தில், கழிமுகத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை. ஆர்க்காட்டு நவாபுகள் காலத்துக் கோட்டை இது. 1750-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, பத்தே வருடத்தில் ஆங்கிலேயர் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். 2004 சுனாமிக்கும் தப்பவில்லை.

என் பையன் சுவரில் கை வைத்துப் பார்த்தான். பட்டையான சின்னச் செங்கல், இடையில் சுண்ணாம்புச் சாந்து. உப்புக் காற்று செங்கலை அரித்து உள்ளே குழி விழுந்திருக்க, சாந்து மட்டும் வரப்பு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. அதற்குள் விரலை விட்டு ஒவ்வொரு வரியாக எண்ணிக்கொண்டே போனான். கண்ணாடிக்குப் பின்னால் வைத்த பொருளை எந்தப் பிள்ளையும் இப்படிப் பார்ப்பதில்லை.

இந்தப் பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த நம்ம தகடூர் (இன்றைய தர்மபுரி) அதியமானைச் சிறுபாணாற்றுப்படையில் பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டுக்காரர். இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்த மணலில் நடப்பதே வேறு மாதிரி இருக்கும்.

அங்கிருந்து மாமல்லபுரம் சுமார் 50 கி.மீ. நடுவில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்கு அரை மணி நேரம் போதும். மாமல்லபுரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட். நேரம் மிஞ்சினால் வடக்கே சாளுவன்குப்பம் போங்கள். சுனாமிக்குப் பிறகு அங்கே தோண்டியபோது, மண்ணுக்கடியில் செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயில் கிடைத்தது. கூட்டமே இருக்காது. கடலில் மட்டும் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அங்கே இழுப்பு அதிகம். திரும்பும்போது செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வேலூர் என்று நல்ல சாலை.

சரி, பூம்புகார் பக்கம் என்ன இருக்கிறது? தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை இன்னும் உருக்குலையாமல் நிற்கிறது. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். பக்கத்திலேயே குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஆலம்பரை மனிதர் இடித்தது, இது கடல் தின்றது. எனக்கு இதைப் பார்க்கத்தான் மனசு கனத்தது.

பூம்புகாரில், சொல்லப்போனால், கண்ணுக்குத் தெரிகிற இடிபாடு குறைவு. கீழையூரில் தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறை, பல்லவனேஸ்வரத்தில் புத்த விகாரத்தின் அடித்தளம், 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடம், அவ்வளவுதான். பிள்ளைகள் சீக்கிரம் சலித்துப் போவார்கள்.

அதனால் ஒரே நாள்தான் கையில் இருக்கிறது, கூடச் சின்னப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் யோசிக்காமல் ஆலம்பரை வழியைப் பிடியுங்கள். பூம்புகாருக்கு ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி போங்கள். நாங்கள் ஒரே நாளில் போய், ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, நடுச்சாமத்துக்கு மேல் வீடு வந்து சேர்ந்தோம். அடுத்த நாள் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆனாலும் அந்தப் பயணத்தில் ஒன்றை மறக்க முடியவில்லை. ஆயாவைக் காவிரி கடலில் கலக்கிற இடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். பிறந்ததிலிருந்து ஒகேனக்கல் ஆற்றைப் பார்த்தவர். இங்கே மணல் மேட்டுக்கு நடுவே ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடியது. "இதுவாடா நம்ம ஆறு?" என்று கேட்டார். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தார்.

"கரிக்குதுடா," என்றார். அப்புறமும் கையில் மிச்சமிருந்த தண்ணீரைக் கீழே விடாமல் தலையில் தெளித்துக்கொண்டார்.