ஆபரேஷனுக்கு முன்னாடி தோல் சுத்தம்: பெட்டாடினா, குளோர்ஹெக்சிடினா?

ஆபரேஷன் தேதி குறிச்சதும் முந்தின ராத்திரியும் அன்னைக்கு காலையிலயும் குளோர்ஹெக்சிடின் சோப்பு போட்டு குளிச்சிட்டு வாங்கன்னு இங்க சிங்கப்பூர்ல சொல்லி அனுப்புறது உண்டு, ஆனா வீட்ல பெரியவங்க நம்புறது என்னமோ அந்த பிரவுன் கலர் அயோடின் மருந்து பெட்டாடினைத்தான். ஆபரேஷனுக்கு முன்னாடி தோல்ல தடவுற கிருமிநாசினியாவும் இந்த ரெண்டும்தான் போட்டி, அதனால ரெண்டையும் பக்கத்துல வச்சு பார்த்துடலாம்.

குளோர்ஹெக்சிடின் தோல்ல ஒட்டிக்கிட்டு பல மணி நேரம் கிருமியை அடக்கும். பெட்டாடின் வேகமா கொல்லும், ஆனா ரத்தமோ சீழோ பட்டா அதோட சக்தி குறைஞ்சிடும். 2010ல 849 பேரை வச்சு அமெரிக்கால ஒரு ஆய்வு வந்துச்சு, குளோர்ஹெக்சிடின் பக்கம் 9.5 சதவீதம் பேருக்கும் பெட்டாடின் பக்கம் 16.1 சதவீதம் பேருக்கும் இன்பெக்‌ஷன். இதோட முடிவு பண்ணிடாதீங்க, அதுல குளோர்ஹெக்சிடின் மருந்துல ஆல்கஹால் கலந்திருந்துச்சு, பெட்டாடின் வெறும் தண்ணில கலந்தது, அப்புறம் எப்படி சமமான போட்டியாகும்? 2024ல இதயம், வயிறு ஆபரேஷனுக்கு ரெண்டுலயும் ஆல்கஹால் சேர்த்து பார்த்தப்போ இன்பெக்ஷன் வந்தது பெட்டாடின் பக்கம் 5.1 சதவீதம், குளோர்ஹெக்சிடின் பக்கம் 5.5 சதவீதம், கிட்டத்தட்ட ஒண்ணுதான். என்னைக் கேட்டா பேரை விட ஆல்கஹால் இருக்கா, நல்லா காய விட்டாங்களாங்கறதுதான் முக்கியம். ஆல்கஹால் ஈரமா இருக்கும்போதே கரண்ட்ல சுடுற கருவியை வச்சா தீப்பிடிக்கலாம், அதனால முடி இல்லாத தோல்லயே குறைஞ்சது 3 நிமிஷம் காய விடணும்.

கண்ணுக்கும் காதுக்குள்ளயும் குளோர்ஹெக்சிடின் கூடவே கூடாது, கண் ஆபரேஷனுக்கு 5 சதவீத பெட்டாடின்தான் போடுவாங்க.

கால் ஆபரேஷன்னா கதையே வேற. நகத்து இடுக்குலயும் விரல் சந்துலயும் கிருமி ஒளிஞ்சிருக்கும். 2005ல வந்த ஒரு ஆய்வுல மருந்து போட்ட பிறகும் கட்டை விரல்ல எடுத்த சாம்பிள்ல கிருமி வளர்ந்தது குளோர்ஹெக்சிடின் ஆல்கஹாலுக்கு 30 சதவீதம், அயோடின் ஆல்கஹாலுக்கு 65 சதவீதம். ஜெயிச்ச மருந்துக்கே 30, யோசிச்சுப் பாருங்க! அதனால சர்க்கரை இருக்கற அம்மா அப்பாவுக்கு கால்ல ஆபரேஷன்னா நெயில் பாலிஷை எடுத்துட்டு, நகத்தை புண்ணாக்காம வெட்டி, அடியில இருக்கற அழுக்கை மெதுவா எடுத்து, விரல் சந்தை கழுவி ஈரம் போக துடைச்சி விடுங்க. பிளேடு வச்சு முடியை மட்டும் வீட்ல மழிக்காதீங்க, சின்ன கீறல் போதும் கிருமிக்கு.

இறால் அலர்ஜி இருந்தா பெட்டாடின் ஆகாதுன்னு சொல்றது தப்பு, இறால்ல அலர்ஜி பண்றது அதோட புரதம், அயோடின் இல்ல. ஆனா குளோர்ஹெக்சிடின் அலர்ஜி அபூர்வமா உயிருக்கே ஆபத்தாகும், முன்னாடி அரிப்போ தடிப்போ வந்திருந்தா நர்ஸ்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க.